ஒன்பதாம் எண் கடையில் பாறைக் குழம்பு

ஜனவரி 20, திங்கள்

என் செருப்புக்கு நேர் கீழே, ஆறாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் ஆழத்தில், பூமியின் நடுப்புள்ளி இருக்கிறது! தூத்துக்குடியிலிருந்து சென்னைக்குப் பத்துத் தடவை போகிற தூரம். மனிதர்கள் இதுவரை துளைத்த மிக ஆழமான துளையோ பன்னிரண்டு கிலோமீட்டர்தான். பக்கத்திலிருக்கும் பழையகாயலுக்குக்கூடப் போய்ச் சேர முடியாது. இதெல்லாம் தெரியாமல் நேற்று வரை நான் பாட்டுக்குத் தரையில் நடந்துகொண்டிருந்தேன்.

மேலோடு, கவசம், கருவம். மேலோட்டில் நாம் இருக்கிறோம். அதற்குக் கீழே கவசம், நடுவில் கருவம். சாப்பிடும்போது மூன்றையும் சொல்லிக்கொண்டே இருந்தேன். "கருவேப்பிலைய ஒதுக்காம தின்னு" என்றார் அம்மா.

இந்தக் கிறுக்குக்குக் காரணம் அமலோற்பவம் டீச்சர். எங்களுக்குச் சமூக அறிவியல் எடுக்கிறார். மாவட்டக் கண்காட்சிக்கு எங்கள் ஒன்பதாம் வகுப்பு 'ஏ' பிரிவிலிருந்து என்னையும் ஜெனோவாவையும் தேர்ந்தெடுத்துவிட்டார். ஜெனோவா ரொட்ரிகோ மூன்றாம் வகுப்பிலிருந்து என் பெஞ்சு. அவள் அப்பாவுக்கு மீன்பிடித் துறைமுகம் பக்கத்து ஐஸ் ஆலையில் வேலை. என் அப்பா உப்பளத்து லாரி ஓட்டுகிறார்.

"ஐஸும் உப்பும் ஓசி. செலவே இல்லட்டி சந்தனம்" என்றாள் ஜெனோவா. என் முழுப்பெயர் சந்தனமாரி. அவள் மட்டும்தான் பாதியில் நிறுத்துவாள்.

தலைப்பு: பூமிக்கு அடியில் பாறை எப்படி உருகுகிறது. நான் அதை அழகான தமிழில் 'பாறைக் குழம்பு உண்டாகும் விதம்' என்று படிவத்தில் எழுதினேன். உருகிய பாறைக்கு எங்கள் பாடப்புத்தகத்தில் அதுதான் பெயர்.

"மாக்மான்னே போடுட்டி. நம்ம ஊருல போயி பாறைக் குழம்புன்னு சொன்னா..."

"கலைச்சொல்லில் விட்டுக்கொடுக்கக் கூடாது" என்றேன். படிவம் போய்விட்டது. எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஜனவரி 22, புதன்

இன்று வகுப்பில் ஒத்திகை. சாக்கில் சுற்றிய பெரிய ஐஸ் கட்டியை ஜெனோவா கொண்டுவந்தாள். அதன் மேல் ஒரு மெல்லிய கம்பியைப் போட்டு, இரண்டு முனைகளிலும் செங்கல்லைக் கட்டித் தொங்கவிட்டாள். கம்பி மெதுவாக ஐஸுக்குள் இறங்கியது. இறங்க இறங்க மேலே ஐஸ் மறுபடி மூடிக்கொண்டது! வெட்டிய தடமே இல்லை. வகுப்பே எழுந்து நின்று பார்த்தது.

ஜெனோவாவின் முகம் பளபளவென்று இருந்தது. "பாத்தீங்களா டீச்சர்? அழுத்தம் குடுத்தா உருகுது. இப்பிடித்தான் பூமிக்கு அடியிலயும். மேல உள்ள கனம் அமுக்குறதுல பாறை உருகி, கொழம்பா ஆவுது."

நான் எழுந்தேன். "தவறு, டீச்சர்."

தவறுதானே? ஐஸ் ஒரு விதிவிலக்கு. தண்ணீர் உறையும்போது விரியும். அதனால் அழுத்தினால் உருகும். பாறை அதற்கு நேர்மாறு. அழுத்த அழுத்த உருகவே உருகாது. கவசம் அவ்வளவு சூடாக இருந்தும் திடமாக இருப்பது மேலே கிடக்கும் கனத்தால்தான். சூடான பாறை மேலே எழும்பி வரும்போது கனம் குறைகிறது, அப்போதுதான் உருகுகிறது. இதை நான் கரும்பலகையில் படம் போட்டு விளக்கினேன். சற்று நீளமாகவே விளக்கினேன்.

பின்பெஞ்சிலிருந்து யாரோ, "ஏ, ஐஸ் ரொட்ரிகோ உருகிட்டா!" என்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள்.

மணி அடித்ததும் ஜெனோவா என் முன்னால் வந்து சுண்டுவிரலை நீட்டினாள். "காய்."

எங்கள் பள்ளியில் சட்டம் என்னவென்றால், காய் விட்டவள்தான் முதலில் பழம் விட வேண்டும். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து நீட்டினால் பழம். அதுவரை இருவரும் பேசக் கூடாது. நான் பழம் விட்டாலும் செல்லாது.

அறிவியல் உண்மையைச் சொன்னதற்காகக் காய் விடப்பட்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். எனக்கு வருத்தம் இல்லை.

ஜனவரி 23, வியாழன்

வருத்தம் இல்லை.

ஜனவரி 24, வெள்ளி

ஜெனோவா மூன்று பெஞ்சு தள்ளிப் போய் உட்கார்ந்துவிட்டாள். நல்லது. மதியம் தனியாகச் சாப்பிட்டதால் படிக்க நிறைய நேரம் கிடைத்தது. அவள் டப்பாவில் இன்று பாறை மீன் வறுவலும் பாறை மீன் குழம்பும். நான் பார்க்கவில்லை. காற்று இந்தப் பக்கம் அடித்தது. பிலோமினா அத்தை (ஜெனோவாவின் அம்மா) எனக்கென்று எப்போதும் ஒரு துண்டு கூடுதலாக வைத்து அனுப்புவார். அந்தத் துண்டு இன்று என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. இது வெறும் அறிவுத் தேடல்.

நூலகத்தில் பூமியைப் பற்றிய அந்த நீல அட்டைப் புத்தகம் இல்லை. யாரோ எடுத்துப் போயிருக்கிறார்கள். அதை எடுக்க எங்கள் பள்ளியில் என்னைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்? எரிச்சலாக வந்தது.

ஜனவரி 27, திங்கள்

குழுவை மாற்ற முடியாது, பெயர்கள் போய்விட்டன என்று டீச்சர் சொல்லிவிட்டார். எனவே பள்ளி விட்டதும் ஆய்வுக்கூடத்தில் இருவரும் ஒத்திகை பார்த்தோம். பேசாமல்.

ஐஸ் கட்டியில் உப்புத் தூவுவதுதான் என் செய்முறை. அடுப்பும் இல்லை, சூடும் இல்லை. உப்புப் பட்டதும் ஐஸ் தானாக இளக ஆரம்பிக்கும். பூமிக்கு அடியிலும் இப்படி ஒன்று நடக்கிறது. கடலடித் தரை சில இடங்களில் கண்டத்துக்குக் கீழே சரிந்து போகும்போது தண்ணீரையும் கூட்டிக்கொண்டு போகிறது. அந்தத் தண்ணீர் கலந்தால் போதும், அதுவரை அசையாமல் இருந்த பாறை அதே சூட்டிலேயே உருகிவிடும். எவ்வளவு அழகு!

நான் உப்பைக் கொட்டினேன். ஜெனோவா குனிந்து ஐஸ் கட்டியின் காதில் (காது இருக்கும் இடத்தில்) சொன்னாள்: "ஏ ஐஸே, சிலபேரு உப்ப ஒரேடியா கொட்டுதாவ. பைய பைய தூவச் சொல்லு."

நான் உப்புப் பையிடம் சொன்னேன்: "உப்பே, எவ்வளவு போடணும்னு புத்தகத்துல இருக்குன்னு சிலபேருகிட்ட சொல்லு."

"அந்த உப்புக்கு புத்தகத்தத் தவுர ஒண்ணும் தெரியாது, ஐஸே. நீ கண்டுக்காத."

"அந்த ஐஸுக்குக் கோபத்தைத் தவிர ஒண்ணும் தெரியாது, உப்பே."

டீச்சர் விடைத்தாளிலிருந்து தலையைத் தூக்கினார். "ரெண்டு பேருக்கும் கோட்டி பிடிச்சிருக்கா?"

போகும்போது டீச்சரிடம் ஜெனோவா ஏதோ கேட்டாள். நான் கதவுக்குப் பின்னால் செருப்பின் வாரை மாட்டிக்கொண்டிருந்தேன், ஒட்டுக் கேட்கவில்லை. 'பி' பிரிவுக்கு மாறிக்கொள்ளலாமா என்று கேட்டாள். "கண்காட்சி முடியட்டும். அதுக்குப் பெறவும் ஒனக்கு அப்பிடித்தான் தோணிச்சின்னா மாத்தி விடுதேன்" என்றார் டீச்சர்.

செருப்பு வார் அறுந்துவிட்டது.

ஜனவரி 30, வியாழன்

அம்மா அவித்த முட்டையைப் பாதியாக வெட்டி வைத்தார். ஓடு, வெள்ளை, மஞ்சள். அப்படியே பூமி! ஓடு இவ்வளவு மெல்லிசாக இருப்பதுகூடச் சரி. ஆனால் கருவத்துக்கு இந்த உவமை பொருந்தாது. வெளிக் கருவம் திரவம். உள் கருவமோ அதைவிடச் சூடு, ஆனாலும் திடம். சுற்றிலும் இருந்து அவ்வளவு அழுத்தம்.

"முட்டைய பாத்து எதுக்குட்டி அழுத?" என்றார் அம்மா.

மிளகுத் தூள் கண்ணில் பட்டுவிட்டது என்றேன்.

"மொளகே போடலயே."

நூலகத்துக்கு நீல அட்டைப் புத்தகம் திரும்பி வந்துவிட்டது. எந்த நிலையில்! அழுத்தத்தைப் பற்றிய பக்கத்தில் ஓரம் மடக்கியிருக்கிறது. அதே பக்கத்தில் மஞ்சளாக ஒரு குழம்புக் கறை. முகர்ந்து பார்த்தேன், மீன் வாடை. ஐஸ் ஏன் விதிவிலக்கு என்று சொல்லும் பத்திக்கு அடியில் பென்சில் கோடு வேறு. இப்படிப்பட்டவர்களுக்குப் புத்தகமே கொடுக்கக் கூடாது. யாராக இருக்கும் என்று பலவாறு யோசித்தேன். பிடிபடவில்லை.

பிப்ரவரி 7, வெள்ளி

நாளை கண்காட்சி. அதன் பிறகு திங்கள். திங்களைப் பற்றி நான் யோசிக்கப் போவதில்லை. சீருடை தேய்த்தாயிற்று. உப்பு ஒரு பை. செருப்பு தைத்தாயிற்று. மேலோடு, கவசம், கருவம்.

பிப்ரவரி 8, சனி

எங்கே தொடங்குவது! சிரித்துச் சிரித்து விலா வலிக்கிறது.

கண்காட்சி நடந்த மைதானத்தில் ஒரு பக்கம் அறிவியல் அரங்கு. மறு பக்கம் மகளிர் குழுக்களின் உணவுத் திருவிழா. அறிவியல் அரங்கில் எங்கள் பெயரே இல்லை. பொறுப்பாளர் பட்டியலை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பாறைக் குழம்புதானம்மா? அந்தப் பக்கம்" என்று கையைக் காட்டினார். போனோம்.

இடியாப்பக் கடைக்கும் கணவாய்ப் பொரியல் கடைக்கும் நடுவில் ஒரு மேசை. மேலே புது மையில் பெரிய எழுத்தில்:

கடை எண் 9. பாறைக் குழம்பு.

எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. நல்ல தெளிவான எழுத்து, ஒற்றுப்பிழை இல்லை என்றுதான் தோன்றியது. ஜெனோவாவைப் பார்த்தேன். அவள் உதட்டை உள்ளுக்குள் மடக்கிக் கடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் ஊரில் பாறை என்றால் முதலில் மீன். குழம்பு என்றால் குழம்பு.

டீச்சரைத் தேடிப் போகவும் வழியில்லை. சாக்கைப் பிரித்து ஐஸை மேசை மேல் வைத்தாயிற்று, உருக ஆரம்பித்துவிட்டது. இடியாப்பக் கடை அக்கா எட்டிப் பார்த்தார். "ஏ பிள்ளைகளா, அடுப்பு எங்க? சரி விடு, எங்கிட்ட இடியாப்பம், ஒங்ககிட்ட கொழம்பு. சோடி போட்டு விப்போம், என்ன?"

ஒலிபெருக்கியில், "ஒன்பதாம் எண் கடையில் சுடச்சுடப் பாறைக் குழம்பு!" என்று ஒருவர் முழங்கினார்.

தூக்குச் சட்டியோடு ஓர் அண்ணாச்சி வந்தார். "ஒரு பிளேட் எவ்வளவு?"

"இது சாப்பிடுற கொழம்பு இல்ல, அண்ணாச்சி. இது பூமிக்கு அடியில இருக்கு."

"அடியிலதான இருக்கும். நல்லா கிண்டி, துண்டா பாத்து எடுத்துப் போடு."

"ஆயிரத்து இருநூறு டிகிரி, அண்ணாச்சி!"

"அவ்வளவு சூடு ஆவாது. ஆத்திக் குடு." ஐஸ் கட்டியைச் சந்தேகமாகப் பார்த்தார். "பாறை இன்னைக்குப் பிடிச்சதா? ஐஸ்ல கெடந்ததா?"

நான் உண்மையைத்தான் சொன்னேன். "சில பாறை நூறு கோடி வருஷம் பழசு, அண்ணாச்சி."

அண்ணாச்சி தூக்குச் சட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு ஓர் அடி பின்னால் நகர்ந்தார்.

மேசைக்கு அடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. ஜெனோவா தரையில் உட்கார்ந்து, தாவணியை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். நானும் மேசைக்கு அடியில் போய்விட்டேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் சிரித்தோம். பிறகு பார்த்துச் சிரித்தோம். சிரிப்பது பேச்சில் சேராது. சட்டத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை.

வெளியே கூட்டம் கூடிவிட்டது. நூறு கோடி வருஷத்து மீன் என்ற செய்தி பரவிவிட்டது போலிருக்கிறது. ஜெனோவா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"அண்ணாச்சி, அக்கா, கேளுங்க. இது திங்குற பாறை இல்ல. நீங்க மிதிச்சிக்கிட்டு நிக்கேளே, அந்தப் பாறை. அது எப்பிடிக் கொழம்பா ஆவுதுன்னு சொல்லுதோம். இடியாப்பம் வாங்கினவங்க தின்னுக்கிட்டே கேக்கலாம்."

அவள் சொன்ன விதம் இருக்கிறதே! உருகிய பாறை ஏன் மேலே வருகிறது என்பதற்கு நான் அடர்த்தி, சூத்திரம் எல்லாம் எழுதி வைத்திருந்தேன். அவள், "கொழம்பு கொதிக்கும்போது எண்ணெ பிரிஞ்சி மேல வருதுல்லா? லேசானது மேல வரும். அம்புட்டுதான்" என்றாள். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் உப்பைத் தூவினேன். பைய பைய. ஐஸ் இளகி ஓடியதும் ஒரு பாட்டையா கை தட்டினார்.

அப்போது சேலையை இழுத்துச் செருகியபடி அமலோற்பவம் டீச்சர் ஓடி வந்தார். அறிவியல் அரங்கில் எங்களைத் தேடித் தேடி முகமெல்லாம் வேர்வை. பலகையைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார்.

"இந்தப் பேர வச்சது எவட்டி?"

அவ்வளவு பேர் முன்னால். ஜெனோவா வேண்டாம் என்று அன்றே சொன்னாள். அவளுக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. அவள் என்னைப் பார்த்தாள்.

"ரெண்டு பேரும்தான், டீச்சர்" என்றாள்.

டீச்சர் எங்களை முறைத்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார். அவர் தோள்கள் குலுங்கின. பின்னர் எப்படியோ பேசி, அறிவியல் நடுவரை உணவுத் திருவிழாவுக்கே அழைத்து வந்துவிட்டார். நடுவர் கல்லூரிப் பேராசிரியை. மூக்கு நுனியில் கண்ணாடி. எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ஐஸ் கட்டியைத் தட்டிக் கேட்டார்:

"ஐஸை அழுத்தினா உருகும். அப்போ பாறையும் அழுத்தினா உருகுமா?"

அதே கேள்வி! விடை எனக்குள் முட்டிக்கொண்டு நின்றது. எனக்குப் படம்கூடப் போடத் தெரியும். வாயைத் திறந்தேன். ஜெனோவாவின் காது மடல் சிவந்திருந்ததைப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்நாளில் நான் செய்த கஷ்டமான செயல் அதுதான். உப்புப் பையைப் பிடித்த விரல்கள் வலித்தன.

ஜெனோவா மெதுவாகத் தொடங்கினாள். "நானும் மொதல்ல அப்பிடித்தான் நெனச்சேன், மேடம். ஆனா ஐஸ் தனி ரகம். பாறைய அமுக்குனா இறுகத்தான் செய்யும். மேல உள்ள கனம் கொறையணும். அப்பத்தான் உருகும்." மேசைக்கு அடியிலிருந்து ஒரு கோலி சோடாவை எடுத்தாள். ஒத்திகையில் இது இல்லை! "இதுல இப்ப ஒரு குமிழியும் இல்ல. அமுக்கம் போனா எப்பிடி மாறுதுன்னு பாருங்க." கட்டைவிரலால் கோலியைத் தள்ளினாள்.

பொங்கியது. நடுவரின் கண்ணாடி வரை பொங்கியது.

சோடாவில் வருவது வாயு. பாறை உருகுவது வேறு! எனக்குள் ஒருத்தி கத்தினாள். நான் அவளை அமுக்கிப் பிடித்தேன்.

"இது வாயுதான், மேடம்" என்றாள் ஜெனோவா, கைக்குட்டையை நீட்டியபடி. "உருகுறது வேற. ஆனா கனம் எறங்குனா உள்ள இருக்கது சும்மா இருக்காதுன்னு காட்டத்தான்."

எவ்வளவு சரியாகச் சொன்னாள்! எங்கே படித்தாள்? நடுவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

அறிவியலில் பரிசு இல்லை. பட்டியலில் பெயர் இல்லாத குழுவுக்கு மதிப்பெண் போட வழியில்லையாம். ஆனால் மாலையில் ஒலிபெருக்கி முழங்கியது: "உணவுத் திருவிழாவில் அதிகக் கூட்டம் கூடிய கடைக்கான பரிசு... கடை எண் ஒன்பது, பாறைக் குழம்பு!" ஒரு வாய் குழம்புகூட விற்காத எங்களுக்கு ஒரு ஹாட்பாக்ஸ் கொடுத்தார்கள். உள்ளே வைத்த சூடு வெளியே போகாது. வெளிச்சுவர், நடுவில் ஓர் அடுக்கு, உள்பாத்திரம். நான் எண்ணிப் பார்த்தேன். மூன்று!

பஸ்ஸில் ஜெனோவா ஜன்னல் ஓரம், நான் இந்தப் பக்கம், நடுவில் ஹாட்பாக்ஸ். அவள் விரலை நீட்டவில்லை. இறங்கும்போது ஹாட்பாக்ஸை அவள் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். 'பி' பிரிவைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்டால் பேச்சாகிவிடும்.

பிப்ரவரி 9, ஞாயிறு

அப்பா உப்பு லாரியைக் கழுவினார். நானும் கழுவினேன். பூமி ஏன் இவ்வளவு மெதுவாகச் சுற்றுகிறது?

பிப்ரவரி 10, திங்கள்

சீக்கிரமே போய் என் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மணி அடித்தது. பிரார்த்தனை முடிந்தது. ஜெனோவாவைக் காணவில்லை. 'பி' பிரிவின் வாசல் எங்கள் ஜன்னலிலிருந்து தெரியும். அந்தப் பக்கம் நான் பார்க்கவே இல்லை. ஒரு தடவை பார்த்தேன். சில தடவை.

டீச்சர் பெயர் வாசிக்கும்போது அவள் மூச்சு வாங்க வந்து வாசலில் நின்றாள். கையில் ஹாட்பாக்ஸ்.

"என்னம்மா, 'பி'க்குப் போறியா?"

"அங்க ஃபேன் ஓடல, டீச்சர்."

"இங்க மட்டும் ஓடுதாக்கும்" என்றார் டீச்சர். எங்கள் வகுப்பு ஃபேன் தீபாவளியிலிருந்து ஓடவில்லை.

அவள் நேராக வந்து, "தள்ளுட்டி சந்தனம்" என்றாள். பழம் விடாமல் பேசுவது சட்டப்படி செல்லாது. தள்ளினேன்.

மதியம் ஹாட்பாக்ஸைத் திறந்தாள். உள்ளே நிஜப் பாறைக் குழம்பு, ஆவி பறந்தது. எண்ணெய் பிரிந்து மேலே நின்றது. பிலோமினா அத்தை எனக்கென்று ஒரு துண்டு வைத்திருந்தார். இல்லை, இரண்டு. ஜெனோவா குழம்பில் தோய்ந்த கையை அப்படியே என் மூக்குக்கு முன்னால் நீட்டினாள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் ஒட்டியிருந்தன.

"பழம்" என்றாள். "மீன்கொழம்புலயே பழம். தொடு, சொட்டுது."

தொட்டேன். அந்தக் கையோடு வந்து எழுதுவதால் இந்தப் பக்கத்தில் மஞ்சள் கறை. நூலகத்து நீலப் புத்தகத்தில் இருந்த கறையும் அச்சாக இதே நிறம், இதே வாடை.

நான் அதைப் பற்றி அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை.